பட்டறையில் ஆளுக்கு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துச் சரிசெய்வது

மோட்டார் சூடாகிறதென்றால் பேரிங்கைத் தொட்டுப் பார்க்கிறோம், பெல்ட் இழுவையைப் பார்க்கிறோம், டாங் டெஸ்டரை மாட்டி ஆம்பியர் பார்க்கிறோம். அதே பட்டறையில் ஒரு பையன் கண் சிவந்து வந்து நின்றால் "வெல்டிங்னா அப்படித்தாண்டா" என்று முடித்துவிடுகிறோம். ஆளுக்கு வரும் கோளாறையும் மெஷின் கோளாறைப் போலவே தேடினால் பெரும்பாலும் காரணம் கையில் சிக்கிவிடும்.

கோவை கணபதிப் பக்கம் ஹெல்ப்பராக நுழைந்து வெல்டரானவன் நான். இப்போது பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு சேஃப்டி சாமான் வாங்கிப் போடுவதும் என் தலையில்தான். கேட், கிரில், ஷெட், பம்ப்செட்டுக்கு பேஸ் ஃபிரேம், இவைதான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. கீழே இருப்பது அந்த வேலையில் திரும்பத் திரும்ப வந்த புகார்கள்.

தேடத் தொடங்கும் முன் இரண்டு விஷயம். புகார் வரும் நேரத்தில் கோளாறு நடந்திருக்காது. கண் எரிச்சல் நடுராத்திரியில் வரும், காரணம் பிற்பகல் 3 மணிக்கு நடந்திருக்கும். காது மந்தமாவது இன்றைக்குத் தெரியும், காரணம் ஐந்து வருஷமாக நடந்திருக்கும். அதனால் "இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, "இன்னிக்கு காலையிலிருந்து என்னென்ன வேலை பண்ணினே?" என்றும் கேட்க வேண்டும். இன்னொன்று, "போட மாட்டேங்கிறான்" என்று முதலாளிகள் சொல்வது. அதுவும் ஓர் அறிகுறிதான். பத்துக்கு எட்டு முறை அந்தச் சாமானில் ஏதோ கோளாறு இருக்கும்: பனி படியும், காதை அழுத்தும், கை வழுக்கும். ஆளைத் திட்டும் முன் சாமானை நாமே ஒரு மணி நேரம் போட்டு வேலை செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ராத்திரி ஒரு மணிக்கு இரண்டு கண்ணிலும் மணல் கொட்டினதுபோல் எரிச்சல்

எனக்கு இது முதலில் வந்தது வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். ஜன்னல் கிரில்லுக்குப் பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "டேக் மட்டும்தான், கண்ணை மூடிக்கோ" என்றார் மேஸ்திரி. டேக் என்றால் பட்டை நகராமலிருக்கப் போடும் சின்னப் புள்ளி வெல்டிங். நாற்பது ஐம்பது இருக்கும். ஒவ்வொரு முறையும் மூடத்தான் செய்தேன், ஆனால் வெளிச்சம் அடித்த பிறகு. சாயங்காலம் ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரி எழுந்தபோது இமைக்குள் யாரோ ஆற்று மணலை வைத்துத் தேய்ப்பதுபோல் இருந்தது. கண்ணீர் நிற்கவில்லை. வாசல் பல்பின் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. வீட்டில் மெட்ராஸ் ஐ என்று நினைத்து என் துண்டைத் தனியாக எடுத்து வைத்தார்கள்.

மெட்ராஸ் ஐ என்றால் பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குப் போகும், பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் வெளிச்சத்தால் வருவது இரண்டு கண்ணிலும் ஒன்றாக வரும், பீளை இருக்காது, வெறும் தண்ணீர்தான். வெளிச்சம் பட்டு 6 முதல் 12 மணி நேரம் கழித்துத் தொடங்கும். ராடு முனையில் எரியும் மின்பொறியான ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. வெயிலில் தோல் கறுத்து உரிவதுபோல்தான் இதுவும். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் தானே ஆறும்.

அன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கண்ணைத் தேய்க்காமல் மூடி, மேலே ஈரத்துணி போட்டு, இருட்டறையில் படுக்க வேண்டும். லென்ஸ் போடுபவர் கழற்றிவிட வேண்டும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கை அரிந்து வைப்பது, இதெல்லாம் பட்டறைக்குப் பட்டறை நடக்கிறது. புண்ணான கண்ணில் கிருமியைக் கொண்டுபோய் விடுவதுதான் அதில் நடக்கும். அதைவிட மோசமான பழக்கம் மரத்துப்போகும் சொட்டு மருந்தை யாரிடமாவது வாங்கி வைத்துக்கொண்டு அவ்வப்போது விட்டுக்கொள்வது. வலி போய்விடும், புண் ஆறுவதும் தள்ளிப்போகும். டாக்டர் தன் கையால் பரிசோதனைக்கு விடுவது வேறு. இரண்டு நாளில் அடங்கவில்லை என்றாலோ, பார்வை மங்கினாலோ கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மறுநாள் காரணத்தைத் தேடலாம். முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடி நம்பர். 2.5 மி.மீ., 3.15 மி.மீ. ராடு ஓட்டும்போது 160 ஆம்பியருக்குள்தான் இருப்போம். அதற்குப் பத்தாம் நம்பர் கறுப்புக் கண்ணாடி, வெளிச்சம் கூசினால் பதினொன்று. 4 மி.மீ. ராடில் 160-ஐத் தாண்டினால் பன்னிரண்டு. முதலில் அதிகக் கறுப்பைப் போட்டு, உருகிய குழம்பு தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வொரு நம்பராக இறக்கி வர வேண்டும். கேஸ் கட்டிங்குக்கு உள்ள கண்ணாடி நான்கு அல்லது ஐந்தாம் நம்பர். அதைப் போட்டுக்கொண்டு ஆர்க் வெல்டிங் செய்பவரை இன்றும் பார்க்கிறேன். கூலிங் கிளாஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம்பர் சரியென்றால் ஷீல்டில் கீறலோ ஓட்டையோ இருக்கிறதா, கண்ணாடி விளிம்பில் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் என்றால் சென்சார் மேல் புகைக்கரி படிந்திருக்கிறதா, பேட்டரி இறங்கிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அதிலும் ஒன்றுமில்லை என்றால் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. வெள்ளைச் சுவர், அலுமினியத் தகடு, எதிரே வேலை செய்யும் இன்னொரு வெல்டர். நடுவில் ஒரு திரை கட்டினாலே பாதி போய்விடும்.

ஹெல்ப்பருக்கு நான் செய்கிற ஏற்பாடு, பக்கமும் மூடிய நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடி. பாலிகார்பனேட் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் புற ஊதாக் கதிரைக் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடும். ஆர்க்கையே உற்றுப் பார்க்க அது போதாது, ஆனால் ஓரத்தில் அடிக்கும் வெளிச்சத்துக்குப் போதும். இதைக் கொடுத்த பிறகு எங்கள் இடத்தில் ராத்திரி போன் வருவது நின்றது.

ஒரே கண்ணில் உறுத்தல்

இது வேறு கதை. கிரைண்டிங்கிலோ, வெல்டிங் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டும்போதோ துகள் போயிருக்கிறது. பட்டறையில் இதற்கென்று ஒரு 'ஸ்பெஷலிஸ்ட்' இருப்பார், துணி நுனியாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடுவார். அவரிடம் காட்டாதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவிப் பார்க்கலாம். போகவில்லை என்றால் அன்றைக்கே கண் டாக்டர். இரும்புத் துகள் கருவிழியில் தங்கினால் அதைச் சுற்றித் துரு வளையம் பிடித்துக்கொள்ளும், அப்புறம் துகளை மட்டும் எடுத்தால் போதாது. உளியில் சுத்தியல் அடிக்கும்போது தெறித்தது என்றால் இன்னும் கவனம் வேண்டும். வேகமாக வரும் சில்லு வலியே இல்லாமல் கண்ணுக்குள் போய்விடும். அப்போது கண்ணை அழுத்தாமல், கழுவவும் செய்யாமல், மேலே ஒரு கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கண்ணாடி போட்டிருந்தும் துகள் போனதென்றால் இடைவெளி கீழேயோ பக்கத்திலேயோ இருக்கிறது. கிரைண்டிங்குக்கு முகத்தை மூடும் ஷீல்டு மட்டும் போதாது, கீழே திறந்திருக்கும். உள்ளே கண்ணாடி, மேலே ஷீல்டு, இரண்டும் வேண்டும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தில் கண்ணுக்கென்றே 35ஆவது பிரிவு இருந்தது. சட்டம் அவ்வளவு பழையது, நம் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

கண்ணாடி பனி பிடிக்கிறது, கழற்றிக் கழற்றி வைக்கிறான்

பெரும்பாலும் மாஸ்க்தான் காரணம். மூக்குக் கம்பியை அழுத்தாவிட்டால் மூச்சுக் காற்று மேலே ஏறிக் கண்ணாடியில் படியும். முதலில் மாஸ்க், கம்பியை மூக்கோடு சேர்த்து அழுத்தி, அதற்கு மேல் கண்ணாடி என்ற வரிசை மாறக்கூடாது. அப்படியும் படிந்தால் மறைமுகக் காற்றுத் துளை உள்ள காகிள்ஸுக்கு மாறலாம். பழைய வைத்தியம் ஒன்றும் இருக்கிறது: சோப்புத் தண்ணீர் தொட்டு உள்பக்கம் தடவி, மெல்லிய துணியால் துடைத்துவிடுவது. அரை நாள் தாங்கும்.

பனி இல்லை, ஆனால் கண்ணாடியே மங்கி, சிலந்தி வலைபோல் கோடு விழுந்திருக்கிறதென்றால் யாரோ தின்னரில் துடைத்திருக்கிறார்கள். பாலிகார்பனேட்டுக்குத் தின்னர் எமன். அதைத் தூக்கிப் போடுங்கள். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், அடி தாங்காது.

கிரைண்டர் வீல் தெறித்து ஷீல்டில் பட்டது

நல்ல வேளை என்று ஷீல்டுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு வேலையைத் தொடரக்கூடாது. ஷீல்டு பொறிக்கும் துகளுக்கும் உள்ளது, உடைந்த வீலுக்கு அது போதாது. வீலைத் தடுப்பது மெஷினில் வீலைச் சுற்றி மூடியிருக்கும் கார்டு. கார்டு ஏன் இல்லை என்று தேடினால் பெரும்பாலும் பெரிய வீலை மாட்டுவதற்காகக் கழற்றியிருப்பார்கள்.

7 அங்குல வீலில் அதிகபட்ச வேகம் நிமிஷத்துக்கு 8,500 சுற்று என்று அச்சிட்டிருக்கும். ஏஜி7 என்கிற 7 அங்குல கிரைண்டருக்கும் ஏஜி5 என்கிற 5 அங்குல கிரைண்டருக்கும் வீலின் நடுத்துளை ஒன்றே என்பதால், கார்டைக் கழற்றிவிட்டால் ஏஜி5-இல் அது ஒழுங்காக உட்கார்ந்துவிடும். ஏஜி5 ஓடுவது 11,000 சுற்று. விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டால் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும், வீல் தாங்குவது 80. தேய்ந்த ஏஜி7 வீலை 'வீணாக்க வேண்டாம்' என்று ஏஜி5-க்கு மாற்றுவதும் இதே கதைதான், தேய்ந்தாலும் மேலே உள்ள எண் மாறாது. நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருஷமும் பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். ரெசின் வீலுக்குத் தயாரித்ததிலிருந்து 3 வருஷம்தான் ஆயுள். மழைக்காலத்தில் நனைந்த வீல் அதற்கு முன்பே போய்விடும்.

ஜி.ஐ. பைப் வேலை செய்த அன்று சாயங்காலம் குளிர் காய்ச்சல்

வாயில் இனிப்பும் உலோகமும் கலந்த ஒரு ருசி, தாகம், உடம்பு வலி, அப்புறம் நடுக்கம். மலேரியா, டெங்கு என்று ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள், மறுநாளோ அதற்கடுத்த நாளோ காய்ச்சல் போயிருக்கும். ஜி.ஐ. பைப்பின் கால்வனைஸ் பூச்சில் உள்ள துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாக வருகிறதே, அதுதான். புகை பட்டு 4 முதல் 10 மணி நேரத்தில் தொடங்கும். நாலு நாள் தொடர்ந்து செய்தால் உடம்பு பழகினதுபோல் இருக்கும், ஞாயிறு லீவுக்குப் பிறகு திங்கட்கிழமை மறுபடி தாக்கும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காய்ச்சல் என்று ஒருவர் லீவு கேட்டால், சோம்பேறி என்று முடிவு செய்யும் முன் அவர் எந்தப் பைப்பில் வேலை செய்கிறார் என்று பாருங்கள்.

சரிசெய்ய முதலில் வேண்டியது மாஸ்க் இல்லை. வெல்டிங் விழும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சை உரசி எடுத்துவிட்டால் புகை வெகுவாகக் குறைந்துவிடும், உரசும்போது மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபேன். முதுகுப் பக்கம் வைத்தால் உடம்புக்கு முன்னால் காற்று சுழன்று புகையை மூக்கருகிலேயே நிறுத்தும். பக்கவாட்டில் வைக்க வேண்டும். கேஸ் ஊதிக்கொண்டே செய்யும் மிக் வெல்டிங்கில் காற்று அதிகமானால் அந்தக் கேஸ் கலைந்து தையலில் ஓட்டை விழும், அதனால் தள்ளி வைத்து மெதுவாக ஓட விடலாம். இவ்வளவுக்கும் பிறகுதான் மாஸ்க், அதுவும் எஃப்.எஃப்.பி.2 அல்லது என்-95.

பாலும் வாழைப்பழமும் வெல்லமும் கொடுக்கும் வழக்கம் எங்கள் பட்டறையிலும் உண்டு. வெல்லம் நெஞ்சில் உள்ள தூசியை இறக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாப்பிட நன்றாக இருக்கும், கொடுங்கள். நுரையீரலுக்குள் போன புகை வயிற்றுக்குப் போகிற வெல்லத்தைச் சந்திக்கப் போவதில்லை.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, இரண்டாம் நாளும் காய்ச்சல் கூடினாலோ அது இந்தச் சாதாரணக் காய்ச்சல் இல்லை. கேட்மியம் கலந்த வெள்ளி பிரேசிங் ராடின் புகையும் முதலில் இப்படித்தான் தொடங்கும், முடிவது வேறு மாதிரி. டிரைகுளோரோஎத்திலீன் போட்டுத் துடைத்த பாகத்தைக் காயவிடாமல் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன வேலை செய்தோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் வெல்டிங் புகை முழுவதையும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. 'ஜி.ஐ. மட்டும்தான் கெடுதல், எம்.எஸ். என்கிற சாதா இரும்பு ஒன்றும் செய்யாது' என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

மாஸ்க் போட்டும் மூக்கைச் சிந்தினால் கறுப்பு

இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். கன்னத்திலோ மூக்கோரத்திலோ காற்று வந்தால் அதே வழியாகத் தூசியும் போகிறது. இரண்டு பட்டை உள்ள மாஸ்க்கில் ஒன்று உச்சந்தலைக்குக் கொஞ்சம் கீழே, இன்னொன்று காதுக்குக் கீழே பிடரியில் போக வேண்டும். இரண்டையும் பிடரியில் போட்டுக்கொள்பவர்களும், கீழ்ப்பட்டையைக் கத்தரித்துவிட்டவர்களும் உண்டு. துணி மாஸ்க், கைக்குட்டை, ஆஸ்பத்திரியில் போடும் நீல மாஸ்க், இவை எதுவும் முகத்தோடு ஒட்டாது, புகைக்கு ஆகாது.

தாடி இருந்தால் எந்த விலை மாஸ்க்கும் வேலை செய்யாது. கார்த்திகை மாதம் பிறந்தால் எங்கள் பட்டறையில் பாதிப் பேர் மாலை போட்டு, 41 நாள் தாடியோடு இருப்பார்கள். ஷேவ் பண்ணச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அந்த நாட்களில் சாமிகளை அளவெடுப்பது, வளைப்பது, ஃபிட்டிங் பார்ப்பது என்று புகை குறைந்த வேலைக்கு மாற்றிவிடுகிறோம். முகத்தோடு ஒட்டத் தேவையில்லாத, மோட்டார் வைத்துக் காற்று ஊதும் ஹெல்மெட்டும் உண்டு. அது ஒரு நல்ல வெல்டிங் மெஷின் விலை.

இன்னொரு புகார்: "மூச்சு முட்டுது." வியர்வையில் நனைந்துவிட்டது, அல்லது தூசி அடைத்துவிட்டது. புதிதை எடுத்துக் கொடுங்கள். வால்வு வைத்த மாஸ்க் நம் வெயிலுக்குக் கொஞ்சம் தேவலை.

மாஸ்க்குக்குள்ளேயே தின்னர் வாசனை

என்-95 போட்டுக்கொண்டு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறார்கள் என்று அர்த்தம். அது தூசியையும் துளியையும் பிடிக்கும், ஆவி நேராக உள்ளே போகும். ஆவிக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வேண்டும். ஐரோப்பிய முறையில் கரிம ஆவிக்குப் பழுப்புப் பட்டை, தூசிக்கு வெள்ளைப் பட்டை. பெயின்ட் அடிக்க இரண்டும் சேர்ந்தது வேண்டும். அதைப் போட்டும் வாசனை வந்தால், முகத்தில் ஒட்டவில்லை அல்லது கரி நிறைந்துவிட்டது. கார்ட்ரிட்ஜை ஆணியில் தொங்கவிட்டால் பட்டறைக் காற்றிலுள்ள ஆவியை அது சும்மாவே குடித்துக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் மூடிய டப்பாவில் போட வேண்டும்.

ஹார்டனர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் வாசனையால் எச்சரிக்காது, கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது மூக்குக்குத் தெரியாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க்தான் அதற்கு. ராத்திரியில் நெஞ்சில் விசில் சத்தம் வருகிறது என்று பெயின்டர் சொன்னால் அந்த வேலையை அன்றோடு நிறுத்தி டாக்டரிடம் அனுப்புங்கள். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரும்.

டிவி சத்தத்தைக் கூட்டுகிறார் என்று வீட்டில் சொல்கிறார்கள்

காதுப் புகாரைக் காதுக்காரர் கொண்டுவருவதில்லை, அவர் மனைவிதான் சொல்வார். அதற்கு முந்தைய அறிகுறி, வேலை முடிந்து பஸ்ஸில் உட்காரும்போது காதில் ஙொய் என்ற ரீங்காரம். காலையில் போய்விடும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. அது தினமும் வந்து வந்து ஒரு நாள் போகாமலே நின்றுவிடும்.

அளக்கக் கருவி வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதென்றால் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது. கிரைண்டர் 100 வரை போகும். 85-இல் 8 மணி நேரம் என்றால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க நியாஷ் அமைப்பின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100-இல் கால் மணி நேரம்தான்.

"பஞ்சு வச்சிருக்கேன்" என்பார்கள். பஞ்சு மனதுக்குத் தைரியம் தரும், அவ்வளவுதான். நுரை பிளக்கைச் சுத்தமான விரலால் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் பிளக் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. டப்பாவில் 29 என்று போட்டிருந்தால் 29 டெசிபல் குறையும் என்று நம்ப வேண்டாம். 7-ஐக் கழித்துப் பாதியாக்கினால் வரும் 11 தான் பட்டறை நிஜத்துக்குப் பக்கம்.

அதைவிட முக்கியம், கழற்றி வைக்கும் நேரம். எவ்வளவு உயர்ந்த பிளக்கானாலும் சத்தத்தில் இருக்கும் நேரத்தில் பாதி மட்டும் போட்டால் கிடைப்பது மொத்தம் 3 டெசிபல். சும்மா நேரத்தைப் பாதியாக்கினதற்குச் சமம். அடிக்கடி பேச வேண்டிய ஆளுக்கு, ஹெட்போன் மாதிரி சட்டென்று தூக்கிப் போடும் இயர்மஃப் நல்லது. கண்ணாடிக் காம்பு தடிமனாக இருந்தால் மஃப் ஓரத்தில் இடைவெளி விடும், மெல்லிய காம்பாகப் பாருங்கள்.

கையுறை போட்டும் ஹோல்டரில் சுரீர்

தோல் கையுறை வியர்வையில் ஊறிவிட்டது. ராடு பிடிக்காமல் சும்மா இருக்கும்போது வெல்டிங் மெஷின் முனையில் 70, 80 வோல்ட் நிற்கும். காய்ந்த தோலுக்கு அது ஒன்றுமில்லை, ஈரத்தில் ஆளையே இழுக்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுத்து, மதியம் மாற்றி, ஒன்றை நிழலில் காயப்போடச் சொல்கிறேன். ஹோல்டரின் பீங்கான் உடைந்திருக்கிறதா, கேபிள் உரிந்திருக்கிறதா, எர்த் கேபிளை வெல்டிங் செய்யும் இரும்பிலேயே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேங்குக்குள்ளே, இரும்பு மேலே உட்கார்ந்து வேலை என்றால் கீழே ரப்பர் மேட்டோ காய்ந்த பலகையோ வேண்டும். ஒரு சுரீர் வந்ததும் மெஷினை நிறுத்திப் பார்த்தாக வேண்டும்.

டிரில்லிங் மெஷின், லேத் பக்கம் மட்டும் கையுறையே போடக்கூடாது. கை வெட்டுப்படுமே என்று நல்லெண்ணத்தோடு வாங்கிக் கொடுப்பார்கள். சுற்றும் டிரில் பிட்டு கையுறையின் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துத்தான் சுற்றும். கோயிலில் கட்டிய கயிறு, மோதிரம், நீளக்கை சட்டை எல்லாமே இதில் அடக்கம். கயிற்றைக் கழற்ற மனசு வராதவர்கள் முழங்கைக்கு மேல் ஏற்றிக் கட்டி, சட்டைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். வெட்டும்போது வரும் இரும்புச் சுருளை எடுக்கக் கொக்கியும் பிரஷ்ஷும் போதும்.

கை அரிப்பு, தோல் வெடிப்பு என்றால் எதைத் தொடுகிறார் என்று கேளுங்கள். தின்னரில் துடைப்பவருக்கு நீல நைட்ரைல் கையுறை கொடுத்தால் அது ஊறி, வீங்கி, ஆவியை உள்ளேயே பிடித்து வைக்கும், வெறுங்கையைவிட மோசமாகலாம். எந்தத் திரவத்துக்கு எந்தக் கையுறை என்று கையுறைக் கம்பெனிகளே அட்டவணை கொடுக்கும், கேட்டு வாங்குங்கள். தின்னரிலேயே கை கழுவும் வழக்கத்தை நிறுத்தினால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

ஹெல்மெட் தலைவலி, ஷூ சோல் உதிர்வது

தலைவலிக்குப் பெரும்பாலும் பின்னால் உள்ள திருகை இறுக்கியதுதான் காரணம். குனிந்தால் விழாத அளவு போதும். உள்ளே பீடிக்கட்டு, கைக்குட்டை வைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுக்கும் தலைக்கும் நடுவில் உள்ள வெற்றிடம்தான் அடியை வாங்குகிறது. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட், கீறல் தெரியாவிட்டாலும், முடிந்தது.

ஷூ சோல் உளுந்துவடை மாதிரி உதிர்கிறதென்றால் அது பழைய பி.யு. சோல். போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் கெடும். மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். சூடான ஸ்லாக்கில் நடக்கும் வேலைக்கு நைட்ரைல் ரப்பர் சோல். விரல் நுனி வலிக்கிறதென்றால் அளவு சின்னது, இரும்பு மூடி தானாக விரிந்து கொடுக்காது. கார்த்திகைச் சாமிகள் வெறுங்காலோடு வருவார்கள். வாசல் வரை அப்படியே வரட்டும், உள்ளே ஷூ. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பெல்ட் மாட்டியிருந்தும் கால் தரையைத் தொட்டுவிட்டது

உயரத்தில் ஏறிச் செய்யும் ஷெட் வேலையில் வருவது. 1.8 மீட்டர் கயிற்றைக் காலடியில் மாட்டிக்கொண்டு விழுந்தால் கயிறு முழு நீளமும் இறங்கும். அதிர்ச்சி தாங்கி கிழிந்து நீண்டால் இன்னும் 1.75 மீட்டர் வரை. கொக்கி முதுகில் என்பதால் அதற்குக் கீழே ஒன்றரை மீட்டர் உடம்பு. கொஞ்சம் இடைவெளியும் சேர்த்தால் மாட்டிய இடத்திலிருந்து 6 மீட்டர் வேண்டும். நம் ஷெட்டுகள் பல 4 மீட்டர்தான். தலைக்கு மேலே மாட்டுங்கள், கயிற்றைக் குட்டையாக்குங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை விழுவதற்கென்று நம்பவே வேண்டாம், முதுகெலும்பையும் வயிற்றையும் அது பார்த்துக்கொள்ளாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நேராக மிதிக்கும் இடத்தில் பெல்ட்டைப் பற்றிப் பேசும் முன் பலகை போடுங்கள்.

வாங்கும்போது

ஹெல்மெட் என்றால் ஐ.எஸ். 2925, ஷூ என்றால் ஐ.எஸ். 15298, பெல்ட் என்றால் ஐ.எஸ். 3521, தூசி மாஸ்க் என்றால் ஐ.எஸ். 9473 என்று எண் அச்சிட்டிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் கம்பெனி பெயர் வரும். வராவிட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் முகம் மாறும், பழகிவிடும்.

ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். யாருக்கு எது கடிக்கிறதோ, நழுவுகிறதோ எழுதலாம், பெயர் போட வேண்டாம். போன மாதம் ஒரு வரி: 'கண்ணாடி பெரிசு, குனிஞ்சா மூக்குல நிக்க மாட்டேங்குது.' கையெழுத்தைப் பார்த்ததும் பேக்கிங் பக்கம் பிசிறு எடுக்கும் அக்காவுடையது என்று தெரிந்தது. இத்தனை நாளும் எல்லாருக்கும் ஒரே அளவுதான் வாங்கியிருக்கிறேன், அதுவும் என் முகத்துக்கு. சின்ன சைஸுக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். கொண்டுவந்து கொடுத்தபோது போட்டுப் பார்த்து, குனிந்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, "இது நிக்குதுங் தம்பி" என்றார். அப்புறம் அவர் கழற்றி நான் பார்க்கவில்லை.